வெல்லப் பசை போட்ட பெரிய புத்தகம்

எங்கள் வீட்டில் அதற்குப் பெரிய புத்தகம் என்று பெயர். உண்மையில் ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். சாமி அலமாரியில் வேறு புத்தகமே கிடையாது என்பதால் அது பெரியதாகிவிட்டது. பெருமாள் பேரில் பல காலத்தில் பல பேர் பாடிய பாட்டுகளை யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றாகச் சேர்த்து மெட்ராஸில் அச்சுப் போட்டிருக்கிறார். என் மாமனார் வாங்கியது. கல்யாணமாகி என் மனைவி சித்தூருக்கு வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு அதுவும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டில் அதைத் திக்காமல் வாசிக்கிறவள் அவள்தான் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்களாம்.

புரட்டாசி மாதம் எங்களுக்குக் கவிச்சி கிடையாது. சனிக்கிழமைகளில் பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழி செய்து, நெய் ஊற்றி மாவிளக்கு ஏற்றுவோம். விளக்கு எரிந்து முடிகிறவரை என் மனைவி பெரிய புத்தகத்தை வாசிப்பாள். கடைசிச் சனிக்கிழமைக்கு அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், திருத்தணிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டுவிட்டுப் போவார். அவருக்கு அதுதான் தங்கையைப் பார்க்கிற சாக்கு.

நான் வெல்ல மண்டியில் வேலை பார்த்தேன். கோணி மூட்டைகளின் வாயைத் தைத்து, அடையாளச் சீட்டு ஒட்டி, எடை போட்டு, லாரியில் ஏற்றிவிடுகிற வேலை. படிப்பு ஐந்தாவதோடு சரி. அப்போதெல்லாம் நாங்கள் எந்த ராஜ்ஜியம் என்பதே வருஷத்துக்கு ஒரு பேச்சாக இருந்தது. முதலில் மெட்ராஸ் என்றார்கள். பிறகு ஆந்திர ராஷ்டிரம் என்றார்கள். அப்புறம் எல்லை எங்கே போடுவது என்று எத்தனையோ காலம் பேசி, கடைசியில் போட்டார்கள். என் மனைவியின் பிறந்த ஊர் மெட்ராஸோடு போயிற்று. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. நாங்கள் குடியிருந்த வீடு நகரவில்லை. தண்ணீர் எடுக்கிற கிணறும் நகரவில்லை. அவள் ஊருக்குப் போகிற பஸ்கூட அதே பஸ்தான். ஆனாலும் அதற்கப்புறம் "உங்க பக்கம்", "எங்க பக்கம்" என்ற வார்த்தைகள் சொந்தக்காரர்கள் வாயில் சுலபமாக வர ஆரம்பித்தன.

எல்லை போட்ட அந்த வருஷம் ஆவணியில் என் மச்சான் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். சாப்பிட்டு முடித்ததும் பெரிய புத்தகத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திறந்த மாத்திரத்தில் ஒரு கட்டுத் தாள் அப்படியே வழுக்கி அவர் மடியில் விழுந்தது. முதுகு கிழிந்து, நூல் அறுந்து, அட்டை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தாளைச் சேர்த்து வைத்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டார். அவள் அப்போது எட்டாவது, தெலுங்குப் பள்ளிக்கூடம்.

"வா கண்ணு. ஒரு பக்கம் படி, மாமா கேக்கறேன்."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எயுத்துக்கூட்டித்தான் மாமா வரும். ஆனா பாட்டெல்லாம் தெரியும். அம்மா பாடிக் கேட்டுக்கினே இருக்கேன்."

"பாட்டு தெரியும், படிக்கத் தெரியாது. எங்க கொட்டாயில கட்டியிருக்குதே எருமை, அதுகூடத்தான் தெனம் ரேடியோ கேக்குது."

"அண்ணா, கொயந்தய இப்பிடிப் பேசாத," என்றாள் என் மனைவி.

"நான் இன்னா தப்பாச் சொல்லிட்டேன்? உங்க பக்கம் இனிமே எல்லாம் தெலுங்குதான். உனக்கப்புறம் இந்த வூட்ல இத யாரு தொடப்போறா? என் மவன் பொண்டாட்டி நல்லாத் தமிழ் வாசிக்கறா. அங்க இருந்தா நாலு பேர் காதுல வியும். இங்க இருந்தா பூச்சிதான் துன்னும்."

அப்புறம் அவரே ஒரு கெடு வைத்தார். "புரட்டாசி கடைசி சனிக்கெயம எப்பவும்போல வரேன். அன்னிக்கு வெளக்கு முன்னால இவ இந்தப் புஸ்தகத்தப் பாத்து வாசிக்கட்டும். வாசிச்சுட்டா இங்கியே இருக்கட்டும். இல்லேன்னா நான் எடுத்துக்கினு போறேன். மாப்ளே, நீ இன்னா சொல்ற?"

நான் என்ன சொல்வது? அது அவர்கள் அப்பா வாங்கின புத்தகம். அவரும் பொல்லாதவர் இல்லை. தன் அப்பா வாசித்ததைத் தன் கண் முன்னால் யாராவது வாசிக்க வேண்டும் என்கிற ஆசை அவருக்கு. அவர் போனபிறகு என் மனைவி உதிர்ந்த தாள்களை வரிசையாக அடுக்கி, முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "பொறந்த வூட்லருந்து என்கூட வந்த பாத்திரம்லாம் தேஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் பாக்கி," என்றாள்.

அந்த வாரமே புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் சாமி படமும் பாட்டுப் புத்தகமும் விற்கிற கடைகளுக்கு நடுவில் ஒரு பைண்டர் இருந்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, செய்யலாம் என்றார். அவர் பக்கத்தில் ஒரு அடுப்பில் தகரக் குவளைக்குள் ஏதோ பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வாடை ஒரு மாதிரி வந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"வஜ்ஜிரம் சாமி. மாட்டுத் தோலு வேகவெச்சுக் காச்சின பசை. அது இல்லேன்னா முதுகு நிக்காதே."

எனக்குக் கை பின்னால் போய்விட்டது. வருகிற மாதம் புரட்டாசி. மாவிளக்குக்குப் பக்கத்தில் வைக்கிற புத்தகம். என் மனைவி தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு தொடுகிற புத்தகம். "சாமி புஸ்தகம் ஆச்சே," என்று இழுத்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, "அப்போ மீரே குட்டுக்கோண்டி சாமி," என்றார். நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் சித்தூர் வருகிறவரை பஸ்ஸில் அதே வார்த்தை என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. கோணி தைக்கிறவன்தானே நான். இதைத் தைக்க முடியாதா?

முதலில் பழைய பஞ்சாங்கம் ஒன்றில் கை பார்த்தேன். பிரித்து, திரும்பத் தைத்து, மைதா மாவு காய்ச்சின பசை தடவினேன். காய்ந்தபிறகு திறந்தால் முதுகு அப்பளம்போல உடைந்தது. இரண்டாவது முறை தைத்தது சரியாக வந்தது, பசை மறுபடியும் உடைந்தது. ஆனாலும் எனக்கு அந்த வேலையில் ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. மண்டியில் நாளெல்லாம் மூட்டை மூட்டையாக வாயைத் தைத்து அனுப்புவேன், ஒன்றுகூட என் நினைவில் நிற்காது. இங்கே ஒரு நூல் எந்தத் துளையில் போய் எந்தத் துளையில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் காபி ஆறிப்போவதுகூடத் தெரியவில்லை.

அப்புறம் பெரிய புத்தகத்தைப் பிரித்தேன். பிரிக்கும் முன்பு குளித்துவிட்டு, ஒரு கற்பூரம் ஏற்றி, "உன் சட்டையைக் கழட்டறேன், கோவிச்சுக்காதே" என்று பெருமாளிடம் சொல்லிக்கொண்டேன். உள்ளே பார்த்தால், புத்தகம் என்பது ஒரே கட்டு இல்லை. நாலு நாலு தாளாக நடுவில் மடித்து, சின்னச் சின்னக் கட்டுகளாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அச்சாபீஸ்காரர்கள் அதைப் பாரம் என்று சொல்வார்களாம். ஒவ்வொரு பாரத்தின் மடிப்பிலும் பழைய மஞ்சளும் குங்குமமும் பொடியாக இறங்கியிருந்தன. சரஸ்வதி பூஜைதோறும் வைத்தது. ஒரு மடிப்பில் காய்ந்த துளசி இலை ஒன்று, நரம்பு மட்டும் மிச்சம். என் மனைவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க நைனா வெச்சதா இருக்கும். இங்க துளசி நான் வெக்கறதில்ல, கறை புடிக்கும்னு," என்று சொல்லி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

தாளெல்லாம் பிரிந்து கிடந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு அச்சுத் தாளுக்கும் பக்கத்தில் ஒரு வெற்றுத் தாள் மடித்துச் சேர்த்துத் தைத்தால், ஒவ்வொரு அச்சுப் பக்கத்துக்கும் எதிரே ஒரு வெள்ளைப் பக்கம் கிடைக்கும். அதில் அதே பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவிட்டால் மகள் வாசித்துவிடுவாள். பாட்டு தமிழ்தான், எழுத்து மட்டும் அவளுக்குத் தெரிந்த எழுத்து.

என் மனைவி ஒப்பவில்லை. "இன்னாங்க இது? தமிழ்ப் பாட்ட தெலுங்குல எயுதினா அது எங்க நைனா புஸ்தகமா?"

"உங்க நைனா பாட்டுதானே. மலைமேல நிக்கறவருக்கு எந்த எழுத்து தெரியாது? தினம் அத்தனை பாஷையில அழறாங்க, எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே நிக்கறாரு?"

"பெருமாளு ஒத்துக்குவாரு. எங்க அண்ணன் ஒத்துக்குவானா?"

தமிழிலேயே வாசிக்கப் பழக்கிப் பார்ப்போம் என்று அவளே ஒரு வாரம் மகளோடு உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் மகளுக்குத் தெரிந்தது, ஆனால் வரி ஓடவில்லை. விளக்கு முன்னால் நிறுத்தி நிறுத்தி வாசித்தால் திரியே அணைந்துவிடும். ஒரு நாள் மகளே கேட்டாள்: "நைனா, அம்மா சொல்லச் சொல்ல நான் தெலுங்குல எயுதறேன். தமிழ் அப்புறமா மெல்லக் கத்துக்கறேன். மொதல்ல புஸ்தகம் போவாம இருக்கட்டும்." என் மனைவி போய் மசி புட்டியை எடுத்து வந்தாள்.

மத்தியான வேளைகளில் இரண்டு பேரும் எழுதினார்கள். சனிக்கிழமை வாசிக்கிற பாட்டுகள் மட்டும் முதலில். மற்ற வெள்ளைத் தாள்கள் அப்படியே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அம்மா ராகத்தோடு ஒரு அடி பாடுவாள், மகள் எழுதிவிட்டுத் திரும்பப் பாடிக் காட்டுவாள். "இங்க இழுக்கணும்டி, சோத்த முழுங்கற மாதிரி முழுங்காத" என்று அம்மா அதட்டுவாள். மண்டி மூடுகிற நாட்களில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய காற்றாடிக் காகிதம் ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பாட்டு. அப்படி ஒவ்வொரு அடியாக நிறுத்திக் கேட்டபோதுதான் சில அடிகளுக்கு அர்த்தமே எனக்குப் புரிந்தது. பக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் தூக்கம்தான் போலிருக்கிறது.

தைக்கிறதற்கு முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் கால்களுக்கு நடுவே குச்சி கட்டி, குச்சியிலிருந்து நாடா இறக்கி இழுத்துக் கட்டினேன். பாரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அந்த நாடாவோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

"அது இன்னா நாடா?" என்றாள் என் மனைவி, சந்தேகமாக.

"கடையில வாங்கினதுதான்."

"பாவாட நாடா!"

"புதுசு. இன்னும் பாவாடையைப் பாக்கவே இல்ல."

"பெருமாளே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த நாடாவை வாங்கி மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொடுத்தாள். நூல் நகரியிலிருந்து வந்தது. தறிக்காரர் ஒருவர் மண்டிக்கு வரும்போது பாவு நூல் கொஞ்சம் கொடுத்தார். அதைப் பல இழையாக முறுக்கி, தேன்மெழுகு தேய்த்தேன். மேலுறைக்கு நகரித் துணி, அரக்குச் சிவப்பு. அட்டைக்கு ஜவுளிக் கடையில் சேலை வைத்து வருகிற அட்டை.

மிச்சம் பசைதான். வஜ்ஜிரம் கூடாது. வெறும் மைதா உடைகிறது. யோசித்துப் பார்த்தேன். மண்டியில் நாங்கள் சீட்டு ஒட்டுகிற பசையில் வெல்லப் பாகு கலந்துதான் காய்ச்சுவோம். அந்தச் சீட்டு மூட்டையை எப்படி வளைத்தாலும் உடையாது, உரியாது. வெல்லமோ சுத்தமான பொருள், சாமிக்குப் படைக்கிற பொருள். மாவிளக்கிலேயே வெல்லம்தானே இருக்கிறது. அப்படியே செய்தேன். நல்ல பாகாகக் காய்ச்சி மைதாவோடு கலந்து, முதுகில் தாராளமாகத் தடவி, துணி ஒட்டி, அதன்மேல் இன்னொரு தடவை தடவினேன். அட்டை போட்டு, மேலே மண்டியிலிருந்து கொண்டுவந்த எடைக்கற்களை ஏற்றினேன். இடம்தான் இல்லை. கம்பி வலை போட்ட எங்கள் சாப்பாட்டு அலமாரியின் தலையில் வைத்தேன். காய்ந்ததும் திறந்து பார்த்தேன். எங்கே திறந்தாலும் தட்டையாக விரிந்து நின்றது, எழுதின இடங்களில் ஒரு பக்கம் தமிழ், எதிர்ப் பக்கம் என் மகளுடைய உருண்டை உருண்டையான தெலுங்கு. மூடினால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நானே நாலைந்து முறை திறந்து மூடினேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது எழுதும்போதும் என் கையில் உணர்கிறேன்.

கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் புத்தகத்தை இறக்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி அலமாரியில் வைத்தோம். பக்கத்தில் மாவிளக்குக்கு இடித்து வைத்த வெல்லம்.

விடிந்ததும் என் மனைவி போட்ட சத்தத்தில் நான் ஓடினேன்.

புத்தகம் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இருந்தது, கறுப்பு அசைந்துகொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து சுவர் வழியாக ஒரு கோடு. இடித்து வைத்த வெல்லத்தை அந்த எறும்புகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது மூடி போட்ட பாத்திரத்தில் இருந்தது. புத்தகத்தின் முதுகுக்குள்ளே நுழைந்து, பக்கங்களுக்கு நடுவே வந்து, திரும்ப நுழைந்துகொண்டிருந்தன.

"இன்னாத்தங்க போட்டு ஒட்டினீங்க?"

சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "வெல்லத்தையா? வெல்லத்தப் போட்டா எறும்பு வரும்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மண்டியில் வேலை செய்கிறவனுக்கு எறும்பு கண்ணில் படாது. தரையில், சுவரில், மூட்டையில், எங்கள் சட்டையில், டீ தம்ளரில், எங்கும் எறும்புதான். காற்று இருக்கிறது என்று யாராவது தினம் நினைத்துக்கொண்டிருப்பார்களா? காய வைத்திருந்த நாட்களில் ஒன்றும் வரவில்லையே என்று பார்த்தால், சாப்பாட்டு அலமாரியின் கால்களை அவள் எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

துடைப்பத்தை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதீங்க. புரட்டாசி சனிக்கெயம, சாமி ரூம்புல வந்து உக்காந்துக்குது. அத்தப் போயி கொல்லுவாங்களா?" புத்தகத்தை மெல்ல முறத்தில் வைத்து முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைத்தோம். தானாகப் போகட்டும் என்று. மகள் வாசல்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

அந்த நேரத்தில் மச்சான் வந்து சேர்ந்தார். கையில் மஞ்சள் பை. பையில் வெள்ளையாகத் துவைத்து மடித்த ஒரு வேட்டி தெரிந்தது. புத்தகத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போவதற்குத்தான். முறத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இது இன்னா மாப்ளே, புஸ்தகமா, புத்தா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வஜ்ஜிரத்திலிருந்து வெல்லம்வரை. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பூச்சி துன்னும்னேன். நீயே பந்தி வெச்சுட்ட," என்றார். அது திட்டைவிட அதிகமாக வலித்தது.

மாவிளக்கு ஏற்றுகிற நேரம் வந்துவிட்டது. புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. எறும்பு பாதிகூடப் போகவில்லை. என் மனைவி உள்ளே போய் மாவிளக்குத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கோலம் போட்ட இடத்தில், மலை இருக்கிற திசை பார்த்து வைத்தாள். "புஸ்தகம் உள்ள வர முடியலன்னா இன்னா? சாமி வெளிய வரட்டும்," என்றாள். பிறகு மகளிடம், "வா, உக்காரு" என்றாள்.

மகள் முறத்தை மடிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். மச்சான் எட்டிப் பார்த்தார்.

"வலது பக்கம் இன்னா அது? தெலுங்கா?"

"ஆமா மாமா. பாட்டு தமிழ்தான். எயுத்து மட்டும்."

"தமிழ்ப் பாட்டுக்குத் தெலுங்குச் சட்டையா?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி அண்ணனைப் பார்க்கவே இல்லை. திரியைத் தூண்டிவிட்டாள்.

மகள் வாசிக்க ஆரம்பித்தாள். அம்மாவுடைய ராகம் அப்படியே வந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தாள். பக்கத்தைப் பிடித்திருந்த விரல்மேல் எறும்புகள் ஏறின. மணிக்கட்டுக்கு வந்தன. ஒன்று கடித்திருக்க வேண்டும், அவள் கண் சுருங்கியது, குரல் சுருங்கவில்லை. கையை உதறினால் பக்கம் போய்விடும் என்று பிடித்த பிடியை விடாமல் வாசித்தாள். என் மனைவி இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ்ப் பக்கத்தில் விரல் வைத்து, உதட்டுக்குள்ளேயே கூடச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தபோது மச்சான் தோளிலிருந்த துண்டை எடுத்தார். மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். துண்டின் நுனியை வைத்து அவள் கையில் ஏறுகிற எறும்புகளை ஒவ்வொன்றாக, நசுங்காமல், மெல்லத் தட்டித் தரையில் விட ஆரம்பித்தார். ஒரு கை ஆனதும் மறு கை. அவள் பக்கத்தைத் திருப்பும்போது புத்தகத்தின் முதுகை அவர் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். அங்கேதான் எறும்பு அதிகம். அவர் கையிலும் ஏறின. ஒரு இடத்தில், தன் அப்பா வைத்த துளசி நரம்பு இருக்கிற மடிப்பு வந்தபோது, அவர் துண்டு அப்படியே நின்றது. அப்புறம் மறுபடியும் தட்டினார்.

விளக்கு அடங்கியது. "கோவிந்தா" என்று எல்லாரும் சொன்னோம்.

அவர் ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இலை போட்டோம். மாவிளக்கு மாவை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, "மாப்ளே, இதுல வெல்லம் கம்மியாக் கீது. மொத்தத்தையும் அங்க போட்டுட்டியா?" என்றார். மகள் புரையேறச் சிரித்தாள். என் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் சாதாரணமாகச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கும் பசித்தது.

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மஞ்சள் பையிலிருந்து அந்த வேட்டியை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். "நைனாவோட வேட்டி. எறும்பு போனதும் இதுல சுத்தி வை." பிறகு என் மகளின் தலையில் கை வைத்து, "மீதி வெள்ளப் பக்கத்தையும் எயுதி முடி. அடுத்த வருஷம் நான் எந்தப் பாட்டக் கேக்கறனோ அத்த வாசிக்கணும்," என்றார். காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

எறும்புகள் முழுசாகப் போகச் சில நாள் ஆயிற்று. அப்புறம் முதுகை மட்டும் மறுபடி உரித்து, வெந்நீரில் துடைத்து, வெல்லமில்லாத பசையில் பூச்சி அண்டாமலிருக்க வசம்புப் பொடி கலந்து, உடையாமலிருக்க இரட்டைத் துணி வைத்து ஒட்டினேன். மகள் குழந்தையாக இருந்தபோது உரசிக் கொடுக்க வைத்திருந்த வசம்பை என் மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பசை கொஞ்சம் விறைப்பு. இப்போதெல்லாம் புத்தகம் தட்டையாக விரியாது, ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். புரட்டாசியில் மகள் வாசிக்கும்போது, எதிரே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்வது அவள் மாமாவின் வேலை.